பன்னிரண்டரை மணிக் காக்கைகள்

கா, கா, கா என்று நாற்பது தரத்துக்கு மேல் கூப்பிட்டாயிற்று, ஒரு சனியனும் எட்டிப் பார்க்கவில்லை. சனியன் என்று வாயில் வந்ததும் வைத்தியலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்றைக்கா அந்த வார்த்தை வரவேண்டும், அதுவும் சனீஸ்வரன் வாகனத்தைச் சொல்லி. மொட்டைமாடியின் தெற்கு மூலையில், கைப்பிடிச்சுவர்மேல் ஒரு இலைத்துண்டு. அதில் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோறு, ஒரு உளுந்துவடை, வாழைக்காய்ப் பொரியல், ஒரு கரண்டி பாயசம். சுற்றித் தெளித்த தண்ணீர் காய்ந்தே போய்விட்டது. அவர் மனைவி குழலி போய் இன்றோடு வருஷம் திரும்புகிறது. முதல் திதி. கீழே கூடத்தில் அவள் போட்டோவுக்கு முன்னால் படையல் போட்டு, சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு எல்லாம் ஆயிற்று. இனிமேல் காக்காய் வந்து இதில் வாய் வைக்க வேண்டும், வைத்தால்தான் குழலி ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் கீழே பதினாலு பேருக்கு இலை. மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். ஓசூரிலிருந்து வந்திருக்கிற மகள் தேன்மொழி இரண்டு தரம் படிக்கட்டுவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். குழலியின் தம்பி செல்வரத்தினம் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையைப் போட்டுத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு மயக்கம் கியக்கம் வந்தால் அது வேறு பழி. எல்லாருக்கும் பசி. பசி அவருக்கும்தான், ஆனால் அவரை அரிக்கிறது பசி இல்லை. அவ கோபம் இன்னும் தீரலையோ? காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்த கேள்வி, தேங்காய் உடைக்கும்போதும் அதுதான், சூடம் காட்டும்போதும் அதுதான். தீரலையோ, தீரலையோ. கா, கா என்று மறுபடியும் கூப்பிட்டார். எதிர்வீட்டு நாய்தான் நிமிர்ந்து பார்த்தது.

ஏற்பாடு இல்லாமல் வந்து நிற்கிற ஆள் இல்லை அவர். முப்பத்துமூன்று வருஷம் தொழிற்சாலையில் டைம் கீப்பர். சங்கு ஊதி ஒரு நிமிஷம் கழித்து வந்தவன் சொந்தச் சித்தப்பா மகனாக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான், அந்தச் சித்தப்பா வீட்டில் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவர் இந்த நாளை நினைத்து ஒன்றரை மாசத்துக்கு முன்னாலேயே யோசித்துவிட்டார். பக்கத்துத் தெரு ஆறுமுகம் வீட்டுத் திதியில் காக்காய் வராமல் சாயங்காலம் நாலு மணிவரை அத்தனை பேரும் சுருண்டு கிடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். தன் வீட்டில் அது நடக்கக்கூடாது. சரி, காக்காய்தானே, மனுஷனையே மணி பார்த்து வரவைத்தவனுக்குக் காக்காய் எம்மாத்திரம்? டாண் என்று பன்னிரண்டரை, தெற்கு மூலை, ஒரு கைப்பிடி நெய்ச்சோறு, மூன்று கா. முதல் இரண்டு நாள் எறும்புதான் வந்தது. மூன்றாம் நாள் ஒன்று வந்து தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு ஓடியது. பத்தாம் நாள் ஏழு. இருபதாம் நாளைக்கெல்லாம் பன்னிரண்டே காலுக்கே தண்ணித்தொட்டிமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவதற்குள் என்ன கத்து, என்ன கத்து. நாற்பது நாள் அவரும் தவறவில்லை, அதுகளும் தவறவில்லை. பார்த்தியா குழலி, முப்பத்தாறு வருஷம் நீ வச்சே, ஒண்ணாவது மணி பார்த்து வந்துச்சா என்று போட்டோவைப் பார்த்துப் பெருமை வேறு அடித்துக்கொண்டார். போட்டோவில் குழலி லேசாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஸ்டூடியோக்காரன் எத்தனை சொல்லியும் நேராகப் பார்க்க மாட்டேன் என்று எடுத்த படம் அது.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல். இன்றைக்குச் சரியாக ஐந்து நாள் இருக்கும்போதா வரவேண்டும்? மூன்று நாள் கட்டிலோடு போட்டுவிட்டது, எழுந்தால் சுவர் சுற்றியது. முதல் நாள் மத்தியானம் படுத்தபடியே மேலே கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை ஆனது. அதுகள் கத்தின. பன்னிரண்டே முக்காலுக்குக் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினாள். மாடித் தகரக் கதவை அலகால் கொத்துகிற சத்தம், கொடியில் போட்டிருந்த கிளிப்பையெல்லாம் பிடுங்கிக் கீழே போடுகிற சத்தம். அடேயப்பா, எவ்வளவு கோபம், ஒரே ஒரு நாளைக்கு. இரண்டாம் நாள் கால் மணி நேரம் கத்திவிட்டுப் போய்விட்டன. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று வந்து, ஒரே ஒரு கா, அதுவும் கடமைக்கு. நேற்று முன்தினம் காய்ச்சல் விட்டதும் நடுங்குகிற காலோடு தட்டை எடுத்துக்கொண்டு ஏறிவந்து நின்றால், தொட்டிமேல் ஒன்றையும் காணோம். நேற்றும் காணோம். நாற்பது நாள் நெய்யும் சோறுமாகத் தின்றுவிட்டு மூன்று நாள் பொறுக்கவில்லை பாருங்கள். நன்றி கெட்ட, என்று ஆரம்பித்து அதையும் பாதியில் விழுங்கினார். திதி நாளும் அதுவுமாக வாய் ஏன் இப்படிப் போகிறது? வெயில் கழுத்துக்குப் பின்னால் சுள்ளென்று விழுந்தது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது, அங்கே இருக்கிற அம்மன் பெயரைத்தான் குழலிக்கு முழுசாக வைத்திருந்தார்கள், மட்டுவார்குழலி என்று. ரேஷன் கார்டில் எழுத இடம் பத்தவில்லை.

மணி ஒன்றேகால். கீழே யாரோ குழந்தைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுக்கிறார்கள், வாசனை படியேறி வருகிறது. குழலிக்கு நேரம் காலம் என்று ஒன்று உண்டா? ஒருநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஈட்டு இட்லியில் பாதியை அடுப்படி ஜன்னல் திட்டில் வைப்பாள். மறுநாள் ஒன்றும் கிடையாது. அதற்கு மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, தூக்கத்தில் எழுந்த மாதிரி எழுந்துபோய் ஒரு முழு வடையை வைப்பாள், வீட்டு மனுஷன் கேட்டால் ஆறிப்போனது என்று சொல்லியிருப்பாள், காக்காய்க்கு முழு வடை. அப்புறம் நாலு நாள், இன்னிக்கு ஒண்ணுமில்ல போ, என்று ஜன்னல் கம்பியைத் தட்டுவாள். ஒரு நேரம் வச்சுக்கோயேன் குழலி, அதுங்களுக்கும் நல்லதுதானே என்று அவர் ஒருதரம் சொல்லப்போக, அதுங்க என்ன உங்க கம்பெனியில சம்பளத்துக்கா இருக்கு என்று கேட்டாள். தேன்மொழியின் பிரசவத்துக்கு மூன்று மாசம் ஓசூர் போனபோது அவர் அந்தத் திட்டில் ஒரு பருக்கை வைக்கவில்லை. அவருக்கே மெஸ்ஸில் சாப்பாடு. ஆனால் அதுகள் வந்தன. விடிந்ததும் வந்தன, மத்தியானம் வந்தன, இருட்டுகிற நேரத்தில் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. குச்சியை எடுத்து விரட்டுவார், அடுத்த வீட்டுச் சுவருக்குத் தாவி, அவர் உள்ளே போனதும் திரும்பி வந்து உட்காரும். தொண்ணூறு நாள். ஒரு பருக்கை இல்லாமல் தொண்ணூறு நாள். முட்டாள் ஜென்மங்கள் என்று அன்றைக்கு நினைத்தார். இப்போது துண்டுக்கு அடியில் தலை காய்ந்துகொண்டிருக்கையில் அது வேறு மாதிரி தெரிந்தது. அவள் காக்காய்களுக்கு ஏமாற்றம் பழக்கமானது. இன்றைக்கு இல்லை என்றால், சரி, இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான், நாளைக்கு முழு வடையாகக்கூட இருக்கும் என்று அதுகளுக்குத் தெரியும். அவருடைய காக்காய்கள் ஒருநாளும் ஏமாந்ததே இல்லை. அதனால் முதல் ஏமாற்றத்திலேயே, சரி, கடையை மூடிட்டான் என்று கிளம்பிவிட்டன. அட முட்டாளே, யாருடா முட்டாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நாற்பது நாள் பாடுபட்டு, கைவிடுவது எப்படி என்றல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

“மாமா” என்று படிக்கட்டிலிருந்து குரல். செல்வரத்தினம், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மேலே வந்தான்.

“என்ன மாப்ள, தலை சுத்துதா?”

“இன்னும் சுத்தல. சுத்தறதுக்குள்ள கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். பசுமாட்டுக்குக் குடுத்துடலாமாம், அதுவும் உண்டாம்.”

“யாரு சொன்னா?”

“பசிக்கிறவங்க எல்லாரும் சொல்றாங்க.”

வைத்தியலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாட்டைக் கண்டா உங்கக்கா தெருவையே மாத்திக்கிட்டுப் போவா. அது வாயில போய் அவ சாப்பாட்டை வைக்கச் சொல்றியா?”

“அதுவும் சரிதான்” என்று அவன் தொட்டி நிழலில் உட்கார்ந்தான். “அக்கா என்னிக்கு மாமா நேரத்துக்கு வந்திருக்கு? சின்னப்புள்ளையில எனக்குப் பம்பரம் வாங்கித் தரேன்னு சொல்லிச்சு. நான் தெனமும் கேப்பேன். ஒருநாள் முறுக்கு வாங்கித் தரும், ஒருநாள் தலையில குட்டும், ஒருநாள் பம்பரக்கயிறு மட்டும் வாங்கித் தந்துச்சு, பம்பரம் இல்லாம வெறுங்கயிறு. நானும் விடல.”

“கடைசியில வாங்கிக் குடுத்தாளா?”

“குடுத்துச்சு. எனக்கு மீசை முளைச்சப்புறம், காலேஜுக்குப் பணம் கட்டுன அன்னிக்கு. பொட்டலத்தைப் பிரிச்சுட்டு அழுதுட்டேன் மாமா.” சொல்லிவிட்டு அவன் கண்ணை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டான்.

“கீழ போய் ஒரு டம்ளர் பாயசம் குடி. போ.”

“காக்கா வாய் வைக்காம எப்படி மாமா?”

“மருந்துன்னு நெனச்சுக் குடி. உங்கக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

அவன் இறங்கிப் போனான். சொல்லிக்கறேன் என்று சொல்லிவிட்டாரே, எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது? அவள்தான் பேசவில்லையே. கா, கா. குரல் கம்மிவிட்டது, காக்காய்க்கே அடையாளம் தெரியாது போல. பேசவில்லை என்பது இன்று நேற்றா, கல்யாணம் ஆன நாலாம் மாசத்திலேயே பேசாமல் இருந்தாள். என்ன தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. சோறு வரும், குழம்பு வரும், டம்ளர் ணங்கென்று வைக்கப்படும், வார்த்தை வராது. அந்த முதல் தரம் பதினோரு நாள். எட்டாம் நாள் தொழிற்சாலைக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார், இருபத்தெட்டு வயசு ஆம்பளை. பன்னிரண்டாம் நாள் காலையில், சட்டையில பித்தான் இல்ல, கழட்டிக் குடுங்க என்றாள், அவ்வளவுதான், முடிந்தது. அடுத்த தரம் சண்டை வந்தபோது பதினோரு நாளுக்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார், அரைமணி நேரத்தில் முதுகில் ஒரு அடி போட்டுச் சிரித்தாள். ஒருதரம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்ததும் உருகிவிட்டாள், ஆகா, வழி தெரிந்துவிட்டது என்று அடுத்த தரமும் அதே பூக்காரியிடம் அதே மூன்று முழம், அது பிரிட்ஜ் மேல் இரண்டு நாள் கிடந்து கருகியது. ஒருதரம் அவர் சுட்ட தோசை பிய்ந்து போனதைப் பார்த்துப் பேசினாள். ஒருதரம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பேசவில்லை, மறுநாள் அவர் ஒன்றுமே செய்யாமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துல என்ன போட்டிருக்கான் என்றாள். அமாவாசையா, வெள்ளிக்கிழமையா, அவங்க அம்மா வீட்டிலிருந்து கடிதம் வந்த நாளா என்று ஒரு டைம் கீப்பர் எப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பானோ அப்படியெல்லாம் பார்த்தார். ஒரு கணக்கும் நிற்கவில்லை. எது திறக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் தட்டினார், தினமும் தட்டினார். யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு தரமும் அரைமணி நேரத்தில் அவள் பேசியிருந்தால், என்றைக்காவது அது ஒரு நாளாகிப்போன அன்றைக்கே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பார். போயிருப்பார், நிச்சயம், அந்த வயசில் அவ்வளவு ரோஷம். அவர் எங்கேயும் போகவில்லை.

காபியும் அப்படித்தான். அவள் முழுகாமல் இருந்தபோது காலைக் காபி அவர் வேலை ஆயிற்று, அப்புறம் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு வாய் குடிப்பாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டாள். சில நாள் உதட்டைப் பிதுக்குவாள். டிகாஷன் கூடிப்போச்சோ, பால் தண்ணியோ, பொடியை மாற்றினார், பில்டரை மாற்றினார், பாலைச் சுண்டவிட்டார், சுண்டாமல் விட்டார். ஒருநாள், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, ம், இன்னிக்குப் பரவால்ல என்றாள். ஐயோ, அந்த ம்! அன்றைக்கு முழுக்க ஷிப்டில் தாமதமாக வந்தவனையெல்லாம் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார், கேட்டில் இருந்தவன் வந்து உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டான். அந்த ம்முக்காக இருபத்தொன்பது வருஷம் காபி போட்டார். மொத்தம் எத்தனை ம் கிடைத்திருக்கும், இரண்டு கையில் எண்ணிவிடலாம். ஆனால் காபி நன்றாக வந்துவிட்டது, அதுதான் வேடிக்கை. இன்றைக்குக் காலையில் வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், மாமா, இந்த மாதிரிக் காபி எங்கேயும் குடிச்சதில்ல என்கிறார்கள். தினமும் ஆகா ஓகோ என்று சொல்லியிருந்தால் அவர் முதல் வாரத்தில் போட்ட கழுநீரையே இன்றுவரை போட்டுக்கொண்டிருப்பார். அடியே, கெட்டிக்காரி, தெரிஞ்சுதான் செஞ்சியா? தெரிந்து செய்திருக்க மாட்டாள். அவளுக்கு அப்படித்தான் வரும், வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அவளுக்கே தெரியாது எப்போது வரும் என்று.

மணி இரண்டாகப்போகிறது. தொட்டி நிழல் காலடிக்கு வந்துவிட்டது. இவ்வளவு நேரம் மனசு சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் ஒரு இடத்தைத் தொடாமல் போவதற்காகத்தான், அது அவருக்கும் தெரியும். அந்த வலை. போன வருஷம், இதே ஆவணி, வெளுத்துக் கஞ்சி போட்ட வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்தால் நடு மத்தியில் காக்காய் எச்சம், அதுவும் கல்யாணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில். ஆத்திரம் வந்துவிட்டது மனுஷனுக்கு. குழலி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கடைக்குப் போய் நைலான் வலை வாங்கிவந்து அடுப்படி ஜன்னல் திட்டை மூடி, நாலு பக்கமும் ஆணி அடித்துவிட்டார். வந்தாள். பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலைக்கு அந்தப்பக்கம் இரண்டு காக்காய் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன, இந்தப்பக்கம் இவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் முதல் தட்டு தட்டினார், தேன்மொழி போன் பண்ணினா என்று. பதில் இல்லை. மறுநாள் இரண்டு தரம். பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் காபியைக் கொண்டுபோய் வைத்தார், ஆணியைப் பிடுங்கிடறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார். எதற்கு அவசரம், இவளுக்கு எப்படியும் நாலைந்து நாள் ஆகும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் ரோஷமும் இருக்கட்டும். காலை நடை போய்விட்டு எட்டு மணிக்கு வந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். நெஞ்சு. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கே வலையைக் கத்தியால் கிழித்துப் போட்டார், என்ன பிரயோஜனம்? பேசாமலே போய்விட்டாள். இந்த விஷயம் தேன்மொழிக்குத் தெரியாது, செல்வரத்தினத்துக்குத் தெரியாது, துக்கம் கேட்க வந்தவர்கள், கடைசியா என்ன சொன்னாங்க என்று கேட்டபோது காபி நல்லாருக்குன்னு சொன்னா என்று பொய் சொன்னார். முப்பத்தாறு வருஷத்தில் எத்தனை நூறு தரம் தட்டியிருப்பார், அந்த ஒரு காலையில்தான் தட்டாமல் விட்டார். விட்டுப்போன அந்த ஒரு தட்டுதான் இந்த இலை.

“அப்பா.” தேன்மொழி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் மோர். “இதையாவது குடிங்கப்பா. முகமெல்லாம் செவந்துபோச்சு.”

“எல்லாருக்கும் இலையைப் போட்டுடும்மா. சாப்பிடச் சொல்லு.”

“நீங்க?”

“நான் அப்புறம்.”

“காக்கா வராட்டி என்னப்பா பண்றது?”

“வரும்.”

“எப்போ?”

“தெரியலையேம்மா” என்றார் வைத்தியலிங்கம்.

தேன்மொழி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ரயில் எத்தனை மணிக்கு, பால்காரன் எத்தனை மணிக்கு, மழைகூட எத்தனை மணிக்கு என்று சொல்லுகிற அப்பா. மோர் டம்ளரைக் கையில் கொடுத்து, அவர் தலைத்துண்டைச் சரிபண்ணிவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே இலை விரிக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் தெளிக்கிற சத்தம், செல்வரத்தினம் யாரிடமோ சாம்பார் இந்தப்பக்கம் என்று சொல்லுகிற சத்தம். நல்லது. சாப்பிடட்டும். அவர் மோரை வாயில் வைக்கவில்லை, சுவர்மேல் வைத்தார். அவள் பேசாமல் இருந்த நாட்களில் அவர் முதலில் சாப்பிட்டதே இல்லை, அவள் சாப்பிட்டு எழுந்த அப்புறம்தான், அது அவர் தண்டனையா அவள் தண்டனையா என்று இருவருக்குமே தெரியாது. துணி துவைக்கிற பலகையை இழுத்துப்போட்டுத் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒன்று கவனித்தார். காலையிலிருந்து அரித்த அந்தத் தீரலையோவைக் காணோம். ஒருவருஷமாக அந்த வீட்டில் அவருக்கு இல்லாத ஏதோ ஒரு சுகம், வெட்கக்கேடு, திதி நாளில் சுகமாவது ஒன்றாவது, ஆனால் இருந்தது. குழலி முறைத்துக்கொண்டு இருக்கிறாள், அவர் காத்துக்கொண்டு இருக்கிறார். இது அவருக்குத் தெரிந்த வேலை. இதில் அவருக்கு இணை இந்தத் திருச்சியிலேயே கிடையாது. “சரி, இரு” என்று இலையைப் பார்த்துச் சொன்னார். “எத்தனை நாழி இருக்கியோ இரு. நான் எங்க போகப்போறேன்?”

இரண்டரைக்குக் காக்காய் ஒன்று வந்தது. தென்னைமட்டையில் உட்கார்ந்து இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தது, கொடிக்கம்பிக்கு வந்தது, கம்பி ஆடியது. அவர் மூச்சுவிடவில்லை. கா என்றுகூடச் சொல்லவில்லை. “வலையை அடிச்சது தப்புதான்” என்றார், மெதுவாக, பக்கத்து அறையில் இருப்பவளுக்குக் கேட்கிற அளவுக்கு. “அன்னிக்குக் காலையிலயே சொல்லியிருக்கணும். சொல்லாமப் போனேன் பாரு, அது அதைவிடத் தப்பு.” காக்காய் இறக்கையை உதறிக்கொண்டு பறந்து போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் மன்னிப்புக்கு என்றைக்கு அவள் மசிந்திருக்கிறாள்? கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து அடுத்ததை யோசிக்க ஆரம்பித்தார். என்ன சொல்லலாம், ஜன்னல் கம்பிக்குப் புது பெயிண்ட் அடித்ததைச் சொல்லலாமா, பேத்திக்குப் பல் விழுந்ததைச் சொல்லலாமா, அது நன்றாக இருக்கும், சிரிப்பாள், இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நாளைக்கு வேண்டுமானால் தோசை சுட்டுக்கொண்டு வரலாம். நாளன்னிக்கு ஒன்றுமே கொண்டுவராமல் சும்மா வந்து பேப்பர் படிக்கலாம். செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஒருவருஷமாகக் காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு மளமளவென்று ஒரு மாசத்துக்கான வேலை கண்முன்னால் வரிசையாக வந்து நின்றது. பதினோரு நாள் என்ன, தொண்ணூறு நாள் என்ன, வைத்துக்கொள், நீ ஆரம்பி, நான் பார்த்துக்கறேன் என்று அவருக்குள் பழைய தெம்பு பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் அது வந்தது. எந்தப்பக்கமிருந்து வந்தது என்றுகூட அவர் பார்க்கவில்லை. பழக்கப்படுத்தியதுகளில் ஒன்றா, புதுசா, தெரியாது, சாதாரண ஒரு காக்காய். நேராக இலைக்குப் பக்கத்தில் இறங்கி, ஒரு அடி வைத்து, சோற்றில் ஒரு கொத்து, வடையில் ஒரு கொத்து, அப்புறம் பாயசம் ஒட்டிய இடத்தில் நிதானமாக இன்னொன்று. “வந்துடுச்சு! அம்மா வந்துட்டாங்க!” என்று படிக்கட்டிலிருந்து தேன்மொழி கத்தினாள், எத்தனை நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தாளோ, சாப்பிடாமல். கீழே கூடத்தில் ஒரே சந்தோஷம். செல்வரத்தினம் சாம்பார்க் கையோடு பாதிப் படி ஏறி வந்து, “ஏத்துக்கிச்சு மாமா, அக்கா ஏத்துக்கிச்சு, வாங்க, வந்து உக்காருங்க” என்றான். ஏற்றுக்கொண்டாள். கோபம் தீர்ந்தது. வலை, ஆணி, அந்தக் காலை, எல்லாம் சரி என்று சொல்லியாயிற்று. காலையிலிருந்து, ஏன், ஒருவருஷமாக இதற்குத்தானே தவித்தார். எழுந்து நிற்கப் பார்த்தார், முட்டி வரவில்லை, தேன்மொழி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கோபித்துக்கொண்டு இருந்தவரைக்கும் பக்கத்து அறையில் ஒருத்தி இருந்தாள். காக்காய் அலகைச் சுவரில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் துடைத்துக்கொண்டு, போவதற்கு இறக்கையை விரித்தது.

“அதுக்குள்ளயா, குழலி?” என்றார் வைத்தியலிங்கம்.